முயல் பாட்டு

மாலை ஆறரை இருக்கும். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அன்றும் மின்வெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஒரு சனம் இல்லை... ஐறீனின் செருப்புச் சத்தம் மட்டும்.

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் என்று ஒருவன், அவனுக்குச் சித்தி முறை இந்த ஐறீன். புறக்கோட்டையில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. கூடப்பிறந்தவர்கள் நாட்டில் நடந்த சண்டைக்குப் பயந்து கனடா போய்விட்டார்கள். தாயும் கண்ணை மூடிவிட்டாள். மிஞ்சியது மேல்மாடியில் ஒரு வாடகை அறை, ஒரு சின்ன டிவி.

செய்திக்கு முன்னால் டிவியில் ஐந்து நிமிடம் கார்ட்டூன் பாட்டுப் போகும். முயல் ஒன்று ஆடி ஆடி வந்து, "வீட்டில் யார்? வீட்டில் யார்?" என்று பாடும். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஐறீன், "நான்தான்!" என்பாள். சில நாட்களில் அந்த அறையில் அவள் வாய்திறந்து சொல்வது அது ஒன்றுதான்.

அன்று படியேறினாள். கதவைத் திறந்தாள். கும்மிருட்டு. நெருப்புப்பெட்டியைத் தடவும்போது... பாட்டுக் கேட்டது.

டிவி இருண்டுதான் கிடந்தது. வயரைக் காலையிலேயே கழற்றியிருந்தாள். ஆனாலும் பாட்டு, மெதுவாக... "வீட்டில் யார்? வீட்டில் யார்?"

பழக்கதோஷம். "நான்தான்" என்றாள்.

"நானும்."

முதுகுக்குப் பின்னால். பிள்ளைக் குரல். மழையில் நனைந்த தலைமயிரின் மணம்.

ஐறீன் கீழே ஓடினாள். "மேல ஆரோ பிள்ளை நிக்குது..." மூச்சு வாங்கியது. வீட்டுக்காரி சீனியம்மா விளக்கோடு போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா. இந்த வூட்டுல எந்தக் காலத்துலயும் சின்னப்புள்ள இருந்ததில்லயே."

அந்த ஞாயிறே ஐறீன் கிளறன்ஸ் வீட்டுக்கு வெளிக்கிட்டாள். "டிவி எனக்கு வேண்டாம். நீங்களே வச்சிருங்கோ" என்று சீனியம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு பெட்டியோடு த்ரீவீலரில் ஏறினாள். காலி வீதியில் நல்ல வெயில். மனம் கொஞ்சம் லேசானது.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் டிரைவர் நிலாம் கண்ணாடியைப் பார்த்தான்.

"மிஸ், புள்ளய கொஞ்சம் உள்ளுக்கு எடுங்க. ஓரத்துல ஈக்கிது... உழுந்திரும்."

ஐறீன் கத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. திறந்திருந்த பக்கமாகக் கையை நீட்டி மறித்துக்கொண்டாள்.

அந்தக் கையில் ஒரு சின்னப் பாரம் வந்து சாய்ந்தது.