இடப்பக்கம் ஒதுங்குற குண்டு

அகிலா: ...இன்னைக்கும் குண்டு இடப்பக்கமாவே ஒதுங்குதுப்பா. கோச் வேற முறைக்கிறாரு.

வேலுச்சாமி: அந்த மலிவுத் துப்பாக்கியத் தலையச் சுத்தி எறின்னு சொன்னேன்ல?

அகிலா: எங்க சொன்ன? "இது மாதிரி உழைக்கிறது எதுவும் இல்ல"ன்னு போன லீவுல பெருமையடிச்ச. அப்படிச் சொல்லிக்கிட்டே தினம் ஒரு கோளாறு கண்டுபிடிச்சுக் கழட்டவும் செஞ்ச.

வேலுச்சாமி: அப்ப மாவட்டப் போட்டி. இப்ப மாநிலம்ல? இங்க நான் வேலை பாக்குற துப்பாக்கி கிளப்ல ஜெர்மன் ஏர் ரைஃபிள் ஒன்னு இருக்கு ஆத்தா. தினம் தொடைச்சு வைக்கிறவன் நான்தான். எத்தனை கை மாறினாலும் அசரவே மாட்டேங்குது.

அகிலா: அதுக்குள்ள மணலே போகாதாக்கும்?

வேலுச்சாமி: இந்த ராஸ் அல் கைமா பாலைவனத்துல சோத்துக்குள்ளயே மணல் போகும். தொடைக்கலேன்னா அதுவும் மக்கர் பண்ணத்தான் செய்யும்.

அகிலா: பாத்தியா! அப்ப விலையில ஒன்னும் இல்ல. கவனிக்கிற ஆளுதான்...

வேலுச்சாமி: அந்த ஆளு இங்கல்ல கிடக்கேன்? நல்லதா ஒன்னு வாங்கிட்டா கலாஸ், சோலி முடிஞ்சுது. ஆளே வேணாம்.

அகிலா: ஆரம்பிச்சிட்டியா அரபிய? வாங்கப் பணம்?

வேலுச்சாமி: இருக்கு.

அகிலா: எங்கருந்து?

வேலுச்சாமி: இருக்குன்னா விடு. நீ கோச்கிட்ட எந்த மாடல்னு கேட்டு...

அகிலா: அப்பா. பொங்கலுக்கு வர்றியா இல்லியா?

வேலுச்சாமி: ...நெட்டு விட்டு விட்டு வருது ஆத்தா.

அகிலா: எனக்கு நல்லாத்தான் கேக்குது.

வேலுச்சாமி: லீவுக்குப் போகாம டூட்டி பாத்தா டிக்கெட் காசையும் சேத்துக் கையில குடுத்துருவாங்க. லீவு வேணாம்னு இன்னும் எழுதிக் குடுக்கல. நாளைக்குக் குடுக்கணும்.

அகிலா: ...

வேலுச்சாமி: அழுவுறியா?

அகிலா: சளி.

வேலுச்சாமி: சரி... நீ சுட்ட அட்டைய போட்டோ எடுத்து அனுப்பு. எவ்வளவு மோசம்னு பாப்போம்.

அகிலா: எதுக்கு? நான்தான் சொல்றேன்ல...

வேலுச்சாமி: அனுப்புங்கிறேன்.

அகிலா: ...அனுப்பிட்டேன்.

வேலுச்சாமி: இரு... ஏய்!

அகிலா: என்ன?

வேலுச்சாமி: இது கெட்டுப்போன துப்பாக்கி சுட்டதா? கெட்டிருந்தா சோளப்பொரி மாதிரி செதறியிருக்கும். இது அம்புட்டும் ஒரே ஓட்டையில விழுந்திருக்கு. ஓட்டைதான் இடப்பக்கம் தள்ளியிருக்கு. குறி பாக்குற திருகை எவனோ திருப்பி வச்சிருக்கான்.

அகிலா: ...எவனோ இல்ல.

வேலுச்சாமி: அதைச் சரி பண்ணத்தான் உனக்குத் தெரியுமே? பெட்ஷீட் விரிச்சு உக்காத்தி வச்சு நான்தானே சொல்லிக் குடுத்தேன்?

அகிலா: தெரியும்.

வேலுச்சாமி: அப்புறம் எதுக்குத்தா கோச்கிட்ட முறைப்பு வாங்கிக்கிட்டு?

அகிலா: கோளாறுன்னாதானே நீ வந்து சரி பண்ணுவ? கெட்டே போகாத துப்பாக்கிய வாங்கிக் குடுத்துட்டு, நீ அங்கயே இருந்துக்குவ. எனக்கு அது வேணாம்ப்பா.

வேலுச்சாமி: ...

அகிலா: நெட்டு போச்சா?

வேலுச்சாமி: இல்ல. சளி.

அகிலா: அப்பா...

வேலுச்சாமி: போன லீவுலயும் அதுல ஒரு கோளாறும் இல்ல ஆத்தா. கழட்டிப் போட்டாத்தான் நீ வந்து பக்கத்துல உக்காருவேன்னு கழட்டினேன். திருகைத் தொடாத, அப்படியே வையி... பொங்கலுக்கு வந்து நானே திருப்புறேன்.