சோப்புக்குச் சுவாஹிலி

இல்லம்மா, டிக்கெட்டை ரத்து பண்ண வரல. அவர் எழுதிக் குடுத்த ஃபாரம் அப்படியே இருக்கட்டும். முதல்ல நீங்க மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, நான் முப்பத்திநாலு வருஷம் பள்ளிக்கூடத்துல இலக்கணம் நடத்தினவ. ரெண்டு, உங்ககிட்ட சஃபாரிக்குப் பதிவு பண்ணிட்டுப் போனவர் என் வீட்டுக்காரர். வீடு வீடா மின்சார மீட்டர் பாத்தவர். மொழிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மூணு, பயணம் போறவங்களுக்குன்னு நீங்க சும்மா குடுத்தீங்களே ஒரு சுவாஹிலி கையேடு, வினையெல்லாம் அதுலதான் ஆரம்பம்.

படிச்சாரான்னா கேக்கறீங்க? படிச்சார், படிச்சார். மூணு மாசமா வீட்டுல பாக்கற எடமெல்லாம் சீட்டு. கதவு, ம்லாங்கோ. சாவி, உஃபுங்குவோ. சோப்பு, சபூனி. தமிழ் கொட்டை எழுத்துல. சுவாஹிலி அதுக்குக் கீழ எறும்பு ஊர்ந்த மாதிரி. உப்பு டப்பாவையும் விடல, சர்க்கரை டப்பாவையும் விடல. ஏங்க, சிங்கத்துகிட்ட போய் சோப்பு கேக்கப் போறீங்களான்னேன். சிரிச்சார். காட்டுக்குப் போற மனுஷன் யானைக்கு என்ன பேரு, ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன பேருன்னுதானே பாப்பான்? மிருகங்க இருக்கற பக்கத்தை அவர் பிரிச்சுக்கூடப் பாக்கல. குழாய்க்குப் பேரு எழுதியாச்சு, யானைக்கு இல்ல. இந்தப் புத்தியைக் கட்டிக்கிட்டுதான் நாப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தறேன்.

நீங்க சிரிக்காதீங்க. நான் சிரிச்சதே போதும். என் தங்கச்சி வந்திருந்தப்ப அவ எதிர்லயே, உங்க மாமாவுக்குச் சாவின்னு சொன்னா இப்பல்லாம் புரியாதுடி, உஃபுங்குவோன்னு கேளுன்னேன். அவர் ஆணியில தொங்கறதையெல்லாம் ஒவ்வொண்ணா பாத்தார். சீட்டைப் படிச்சப்புறம்தான் சாவியை எடுத்தார். அதையும் நக்கல்னு நெனச்சேன். ஊர் பிள்ளைங்க தப்பையெல்லாம் கண்டுபிடிச்சவ நான்.

போன ஞாயித்துக்கிழமை ஒட்டடை அடிக்கறப்ப எங்க கல்யாண போட்டோவை எறக்கினேன். பின்னாடி ஒரு சீட்டு. சரிதான், சோப்புக்கு அடுத்தபடியா நமக்கும் ஒரு சுவாஹிலிப் பேரு வந்தாச்சுன்னு பாத்தா, சுவாஹிலியே இல்ல. வெறும் தமிழ். என் பேரு. அதுக்குக் கீழ, மனைவி, இடது பக்கம் நிக்கறவ.

அதுக்கப்புறம் முடிவானதைச் சொல்லிடறேன், குறிச்சுக்கோங்க. திங்கக்கிழமை டாக்டர் பாத்தார். மறதி நோய்தான், ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதாம். பயணம் போகலாம், தனியா மட்டும் விடக்கூடாது. அதனால விமானத்துல ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து எடம், ஜன்னல் அவருக்கு. வண்டி ஓட்டறவர்கிட்ட நீங்களே முன்கூட்டி சொல்லிடுங்க. மிருகங்க பேரை நான் மனப்பாடம் பண்ணிட்டேன். யானை தெம்போ, ஒட்டகச்சிவிங்கி ட்விகா. அப்புறம், போட்டோவுக்குப் பின்னாடி இருந்த சீட்டு. என் பேருல ஒரு எழுத்துப்பிழை. சிவப்புப் பேனா பக்கத்துலதான் இருந்துச்சு. திருத்தல. அப்படியே மாட்டிட்டேன்.