ஆனைக்கரட்டு மூஞ்சூறு பதினொன்று

மூஞ்சூறு என்றாலே எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வாடை பிடிக்கும். கோவில்பட்டியில் நான் குடியிருக்கும் வீட்டு அடுப்படியில் ஒன்று உண்டு. சுவரோரமாகவே போகும், வரும். ஒருநாளும் அதை நான் விரட்டியதில்லை. ரேஞ்சர் ஐயா இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தால் நல்லது.

கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. பெயர் வள்ளிமயில். விலங்கியல் துறையில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். என்னிடம் படித்த செண்பகராஜ் இப்போது அதே துறையில் நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், அந்த எலும்புக்கூட்டைக் கொஞ்சம் துடைச்சு வையுங்க" என்பான். துடைத்து வைப்பேன்.

ஆனைக்கரடு உங்கள் சரகத்தில்தான் இருக்கிறது. கயத்தாறு ரோட்டிலிருந்து பார்த்தால் கரிசல் காட்டுக்கு நடுவே, காற்றாலைகளுக்குப் பின்னால், யாரோ லாரியில் கொட்டிவிட்டுப் போன கல்குவியல் மாதிரி தெரியும். அதை மலை என்று நாங்கள் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். உச்சியில் ஒரு கல் பிள்ளையார். அவருக்குப் பூசாரி, தர்மகர்த்தா, பக்தகோடி எல்லாமே ஆடு மேய்க்கிற சோலை அண்ணாச்சி ஒருவர்தான். சதுர்த்திக்குச் சதுர்த்தி கம்பு மாவில் கொழுக்கட்டை பிடித்து, பிள்ளையாருக்கு ஒன்று, அவர் வாகனத்துக்கு ஒன்று என்று பாறை இடுக்கில் வைப்பார். வாகனம் கொழுக்கட்டை தின்னாது. அது பூச்சி தின்கிற பிராணி. கொழுக்கட்டைக்கு எறும்பும் கரப்பானும் வரும், அவற்றைத் தின்ன அது வரும். இதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படும்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நான் மேலே போன ஒரு சதுர்த்தியன்று அண்ணாச்சி அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். சுண்டுவிரல் நீளம்தான். வால் குட்டை. நாலு பாதமும் வெள்ளை. முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று என் மூக்குக்கு நேரே இருந்தது.

"வெளிய ஒருத்தருக்கும் சொல்லிராதிய டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "மொத்தமே பதினோரு உருப்படிதான். மாசா மாசம் எண்ணுதேன். ஒண்ணையும் கொல்ல மாட்டேன்னு பிள்ளையார் மேல சத்தியம் பண்ணுங்க."

பிள்ளையார் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அதை இன்றுவரை மீறவில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

புதிய இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள, கண்ணால் பார்த்தேன் என்றால் போதாது. உடல் வேண்டும். ஸ்பிரிட்டில் போட்டு, இதுதான் மாதிரி என்று சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். நீங்கள் கொடுத்த அனுமதியில் இரண்டு என்று இருந்தது. முதல் தடவை நான் இரண்டுதான் எடுத்தேன்.

பிடிப்பது எளிது. பாறைக்கு அடியில் மண் இருக்கிற இடமாகப் பார்த்து, காலி பெயிண்ட் வாளியை அதன் வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்துவிட்டால் போதும். ஓடுகிற ஓட்டத்தில் உள்ளே விழும். வழுவழுப்பில் ஏற முடியாது. இந்தப் பிராணி சில மணி நேரம் தின்னாமல் இருந்தால் செத்துப்போகும், அவ்வளவு வேகமான நெஞ்சுத்துடிப்பு. நான் கீழே இறங்கி, கயத்தாறில் புரோட்டா சாப்பிட்டு, ஒரு சேலைக்கடையிலும் ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போவேன். ஆகவே நான் எதையும் கொல்லவில்லை. பசிதான் கொன்றது.

ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பினேன். பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் பதில் போட்டார். இரண்டுமே ஆண், பெண்ணின் அளவும் தேவை என்றார். நியாயம்தானே. மூன்று பெண் எடுத்தேன். அடுத்த கடிதத்தில் குட்டியின் மயிர் நிறம் கேட்டார். குட்டிகள் இரண்டும் ஒரே தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அதற்கடுத்து மண்டையோடு கேட்டார். ஒன்று என் கையில் நொறுங்கிவிட்டதால் இன்னொன்று தேவைப்பட்டது. கடிதத்துக்குக் கடிதம் "தயவுசெய்து" என்று எழுதியிருந்தார். ஒன்பது வருடத்தில் என்னிடம் யாரும் தயவுசெய்து என்று கேட்டதில்லை. மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கொழுக்கட்டையை நானே வீட்டில் பிடித்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவேன். அவர் வாடைக்குப் பழகிய பிராணிகள் என்பதால் அவரையே வைக்கச் சொல்வேன், வாளிப் பக்கமாக. எதற்கு வாளி என்று கேட்டார். மழை அளக்க என்றேன். கரிசல் காட்டில் மழை என்றால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. டீச்சருக்குப் பக்தி முத்திவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். மத்தியானம் அவர் ஆட்டோடு இறங்கியபிறகு, சாயங்காலமாக நான் ஏறுவேன்.

"எதையும் காணுமே டீச்சர்" என்றார் ஒருநாள். முகம் வாடியிருந்தது.

"வெயிலுக்கு உள்ள கெடக்கும் அண்ணாச்சி" என்றேன். அன்றைக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன்.

கடைசி இரண்டைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்குக் காரணம் செண்பகராஜ். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். "நானும் ரெண்டு எடுத்து மரபணு பார்க்கேன் மேடம்" என்றான். எனக்குத் திக்கென்றது. தவளையைக்கூடப் பதமாகப் பிடிக்கத் தெரியாதவன். அவன் கையில் அவை படவேண்டிய பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவனுக்கு ஒருநாள் முந்திக்கொண்டு நானே போனேன். ஒன்று சினையாக இருந்தது. வயிற்றில் நாலு, ஒவ்வொன்றும் நிலக்கடலைப் பருப்பு அளவு. இனப்பெருக்கம் என்ற தலைப்பின் கீழ் எழுத அதுவரை என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் ஒரு பத்தி கிடைத்தது.

கட்டுரை வெளிவந்தது. இனத்துக்கு என் பெயரை வைக்கவில்லை, அண்ணாச்சி பெயரைத்தான் வைத்தேன். நன்றி மறக்கிற ஆள் இல்லை நான். கல்லூரியில் விழா எடுத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பிறகு ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் மூன்றாம் அலமாரியைத் திறந்து காட்டினேன். பட்டியில் ஆடு எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போனார்.

"பதினொண்ணு" என்றார். "எம்பேர வச்சு, அம்புட்டையும் போத்தல்ல அடச்சிட்டியளே தாயி."

பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு நேரே உங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார். பாவம், படிக்காதவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம், பதினொன்றையும் நான்தான் எடுத்தேன். வயிற்றில் இருந்ததைச் சேர்த்தால் பதினைந்து. மலையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டீர்கள். இல்லை. கடைசியாக எடுத்தபின் மூன்று மாதம் வாளிகளை அப்படியே விட்டுவைத்துப் பார்த்தேன்.

என்னை இரக்கமில்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள். கட்டுரையின் கடைசி வரியை ஒருமுறை படியுங்கள். இந்த இனத்தை உடனடியாகப் பாதுகாக்க வேண்டும் என்று இருக்கும். மதிப்பீட்டாளர் கேட்டு எழுதியது அல்ல அது, நானாகச் சேர்த்தது. சொன்னபடி செய்தும் காட்டியிருக்கிறேன். இனி ஆனைக்கரட்டில் அவற்றுக்கு யாராலும் எந்த ஆபத்தும் வராது.