குண்டூசி படாத துணி

அந்தக் கம்பியைத் துணி மேல மட்டும் வெச்சிடாதீங்க தம்பி. துருக்கறை ஏறுச்சுன்னா எந்த சோப்புக்கும் போகாது. அந்த மூலையில சாத்தி வைங்க. மாட்டீங்களா? சரி, கையிலயே வெச்சுக்கங்க, உங்க இஷ்டம். ஆனா உக்காருங்க. என் பையன் உள்ளதான் இருக்கான். எங்கயும் ஓடிட மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு.

தெரியும் தம்பி. அவன் மண்டையைப் பொளக்கத்தான் வந்திருக்கீங்க. கூடப்பிறந்தவளை அந்தக் கோலத்துல பாத்துட்டு எந்த அண்ணன் சும்மா இருப்பான்? காலையில அவளை வண்டி ஏத்தி உங்க வீட்டுக்கு அனுப்புனதே நான்தானே. மத்தியானத்துக்குள்ள நீங்க இங்க வந்து நிப்பீங்கன்னு அப்பவே தெரியும்.

பேச்சை வளக்கறேனா? ஆமா, வளக்கறேன். பத்து நிமிஷம். அதுக்கப்புறம் நீங்க தாராளமா உள்ள போங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.

இதப் பாருங்க. போர்வைக்கு மேல்துணி. துண்டுத் துணிங்களைக் கட்டம் கட்டமா இணைச்சு உங்க தங்கச்சி தெச்சது. நாளைக்கு வாங்க வர்றாங்க. மேசையில விரிச்சா, மேல் ஓரம் நேரா இருக்கு, கீழ் ஓரம் நாலு விரக்கடை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. அவ கையால இப்படி ஒரு கோணல் நான் பாத்ததே இல்ல. கல்யாணமாகி வந்து இந்த மிஷின்ல உக்காந்த நாள்ல இருந்து ஒரு நூல் பிசகினதில்ல. எனக்கே பொறாமையா இருக்கும், சொல்றேனே.

நேத்து நான் என்ன பண்ணேன் தெரியுமா? வேலைக்கு வர்ற நாலு பொம்பளைங்க முன்னாடி இதைச் சுருட்டி அவ மூஞ்சியில விட்டெறிஞ்சேன். கண்ணு என்ன பிடறியிலயா இருக்குன்னு கேட்டேன். அவ சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டு அப்படியே நின்னா. திமிருன்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

எங்க எந்திரிக்கறீங்க? அது ஒண்ணும் இல்ல, உள்ள அவன்தான் கூப்பிடறான். கூப்பிடட்டும். உக்காருங்க. உக்காருடான்றேன்ல! மன்னிச்சுக்கங்க தம்பி, வாய் தவறிடுச்சு.

துணி கோணலாயிட்டா ஓரத்தை மட்டும் வெட்டி நேராக்கறவங்க இருக்காங்க. கட்டம் எல்லாம் அரைகுறையாப் போயிடும், ஏமாத்து வேலை. எனக்கு அது ஆகாது. வரிசை வரிசையாப் பிரிச்சு, தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டு, திரும்ப அளந்து தைக்கணும். அதுக்குத்தான் இன்னிக்கு ஏழு மணிக்கே உக்காந்தேன். முதல் மூணு வரிசை அச்சு மாதிரி நேரா இருக்கு. நாலாவதுல இருந்து பாருங்க, தையல் ஆரம்பத்துல ஓரத்துல இருந்து கால் அங்குலம் உள்ள இருக்கு, போகப் போக ஓரத்துக்கே வந்துடுது. மிச்சம் எல்லா வரிசையும் அப்படியேதான். அப்புறம் இன்னொண்ணு. முதல் மூணுல குண்டூசி குத்தின ஓட்டை வரிசையாத் தெரியுது. நாலாவதுல இருந்து ஒண்ணுகூட இல்ல.

உங்களுக்கு எங்க புரியும்? ஊசிக்கு வலது பக்கத்துல துணி ஓரத்தைப் பிடிச்சு நேரா விடறது வலது கை. இடது கையால மட்டும் தள்ளினா துணி இடது பக்கமா நழுவிக்கிட்டே போகும். ஒத்தைக் கையால ரெண்டு துணியைச் சேத்துப் பிடிச்சுக் குண்டூசியும் குத்த முடியாது. முப்பத்தஞ்சு வருஷமா தைக்கறேன். இது எனக்குப் புரிய ஒரு நாள் முழுசா ஆச்சு பாருங்க.

மாடிக்குப் போய் சால்வையை இழுத்தேன். வலது கையில மூணு விரல் கன்னங்கரேல்னு வீங்கிக் கிடக்கு. அவன் சட்டையில ஒரு பட்டன் இல்லியாம். கையை மேசையில வைன்னு சொல்லிட்டு, இரும்பு ஸ்கேலால அடிச்சிருக்கான். வைன்னு சொன்னானாம், இவ வெச்சாளாம்.  எத்தனை தடவை நடந்திருந்தா, சொன்ன உடனே கையை நீட்டி வைக்கத் தோணும்? என் தலைக்கு மேல ஒரு மாடியில நடந்திருக்கு தம்பி. நான் கீழ மிஷின் சத்தத்துல உக்காந்திருக்கேன்.

அழுங்க, பரவாயில்ல. நான் காலையிலயே அழுது முடிச்சுட்டேன். அந்த நாலு பொம்பளைங்களையும் கூப்பிட்டு, தப்பு அவளோடது இல்ல, என் வீட்டோடதுன்னு சொல்லியும் ஆச்சு. நாளைக்குள்ள இத நேராக்கிடுவேன். அவ பேருக்கு ஒரு சொல் வரக்கூடாது.

நீங்க உள்ள போனா நல்லாவே அடிப்பீங்க, உடம்பைப் பாத்தாலே தெரியுது. அப்புறம்? உங்களைப் பிடிச்சு உள்ள வெப்பாங்க. அவளுக்கு உங்களை விட்டா வேற யாரு இருக்கா, சொல்லுங்க. அந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்க போவா? சுத்திச் சுத்தி இவன்கிட்டயேதான் வந்து நிக்கணும். அது நடக்கவே கூடாதுன்னுதான் நான் முந்திக்கிட்டேன். என்னைப் பிடிச்சா பிடிக்கட்டும், நான் வாழ்ந்து முடிச்சவ.

அவளை வண்டி ஏத்தி விட்டுட்டு வந்து அவன்கிட்ட கேட்டேன், ஏன்டா இப்படின்னு. கதவு நிலையில கையை ஊனிக்கிட்டு நின்னான். எலும்பு ஒடையாம அடிக்கத் தெரியும்மா எனக்கு, நாலு நாள்ல வீக்கம் வத்திடும்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். கதவைச் சாத்தினேன். நல்ல கனமான கதவு அது. முதல் தடவை கோவத்துல சாத்தினது, ஒத்துக்கறேன். அவன் கையை உருவறதுக்குள்ள ரெண்டாவது தடவையும் சாத்தினேன் பாருங்க, அது யோசிச்சுச் செஞ்சது. அவன் கையை உருவினதும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்து, இந்தத் துணியைப் பிரிக்க உக்காந்தேன் தம்பி.