வேலியோரத்துப் பொது அடுக்கு

இது நல்ல கதிரை, சேர். எங்கள் வீட்டுக் கதிரைக்கு ஒரு கால் குட்டை. வந்து இருக்கிறவர்கள் ஒரு பக்கம் சரிந்தபடிதான் கதை கேட்பார்கள். ஆனாலும் கேட்பார்கள்.

நீங்கள் விறகைப் பற்றிக் கேட்கிறீர்கள். எங்கள் களப்புக் கரையில், கடல் தண்ணீர் ஏறி நிற்கிற பக்கம், மாரிக்கு முன்பு விறகு சேர்த்து, பிளந்து, நனையாமல் அடுக்குவதில் இந்த றோசம்மாவை மிஞ்ச ஆளில்லை. இதை ஊரே சொல்லும். ஊர் வேறும் பல சொல்லும், அதை விடுவோம்.

எனக்கும் பக்கத்து வீட்டு ஜெயரூபிக்கும் நடுவில் வேலி. வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற அளவு இடைவெளி. அந்தப் பொட்டை ஊடறுத்து ஒரே விறகு அடுக்கு, மேலே ஒரு தகரம். ஒரு நுனி என் வளவில், மறு நுனி அவள் வளவில். இரண்டு பேரும் சேர்ந்து அடுக்குவோம். அவரவர் நுனியிலிருந்து எடுப்போம். இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே அடுக்கில் எரிவது எங்கள் பக்கத்தில் பெரிய உறவு. கூடப் பிறந்தவர்களே செய்யமாட்டார்கள்.

அவள் ஸ்கந்தபுரத்துப் பிள்ளை, வயல்காரக் குடும்பம். நிறோஜனை விரும்பி, சைவத்தை விட்டு வேதத்துக்கு மாறி, கடற்கரைக்கு வந்தவள். வந்த புதிதில் அவளைப் பற்றி நாலு கதை உலாவியது. அதில் இரண்டு நான் சொன்னது. பிறகு ஒருநாள் அவள் கோடாலி பிடிப்பதை வேலிக்கு மேலால் பார்த்தேன்.

"என்ன பிள்ளை, அது கோடாலியோ அகப்பையோ?"

"ரெண்டும் சமையலுக்குத்தானே அக்கா," என்றாள்.

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கட்டையில் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்து அடிக்கவும், கணுவைக் கடைசிக்கு விடவும், பட்டை மேலே பார்க்க அடுக்கவும் நான்தான் பழக்கினேன். அவள் தையல்காரி, கைப்பழக்கம் உள்ளவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

விறகு பிளக்கிற நேரத்தில் மனமும் கொஞ்சம் பிளந்துவிடுகிறது, சேர். அப்படி ஒருநாள் என் மகள் பிரேமினியின் கதையைச் சொன்னேன். பிரேமினி பிரான்சில். ஞாயிறு ஞாயிறு எனக்கு ரெலிபோன் எடுக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் போன நாளிலிருந்து எடுப்பதில்லை. அவள் விரும்பிய பெடியனைப் பற்றி நான் நாலு இடத்தில் கதைத்து அந்தச் சம்பந்தம் குழம்பிப்போனதாம், அதுதான் கோபம். பிள்ளையின் விஷயத்தைத் தாய் கதைக்காமல் வேறு யார் கதைப்பது? ஜெயரூபி கோடாலியைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மாதாவின் மேல் சத்தியம் செய்தாள். புதிதாக வேதத்துக்கு வந்தவர்கள் சத்தியத்தில் கொஞ்சம் தாராளம்.

போன மாரிக்கு முன்பு ஒருநாள் குழாயடியில் நிற்கிறேன். விமலேஸ்வரி குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"றோசம்மாக்கா, பிரேமினி இந்த ஞாயிறும் எடுத்தவளோ?"

"ஓம், எடுத்தவள். அங்க சரியான குளிராம்."

"குளிருக்க விரல் விறைச்சு நம்பரை மாறி அமத்திப்போடுவள், பாவம்."

நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பை மறைக்கக் குடத்துக்குள் முகத்தை விட்டாள். நான் தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தேன். வழியில் வேறு ஒன்றும் யோசிக்க இருக்கவில்லை. உலகத்தில் ஒருத்திக்குத்தானே சொன்னேன்.

அவளிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் இல்லை என்பாள். எனக்கு இதில் பழக்கம் உண்டு, எத்தனையோ தரம் நானே இல்லை என்றிருக்கிறேன். அதனால் கேட்கவில்லை. பின்னேரம் வழக்கம்போல வேலிக்கு வந்தாள், வழக்கம்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாரியில் எங்கள் கடல் பொங்கும். ஆண்கள் மன்னார்ப் பக்கம் போய் வாடி போட்டு, அங்கேயே தங்கி மீன் பிடிப்பார்கள். நிறோஜனும் போய்விட்டான். தையல் வேலை குவிந்து கிடக்கிறது, விறகை இந்த முறை நீங்களே பாருங்கோ அக்கா என்று ஜெயரூபி சொன்னாள். பார்த்தேன்.

களப்போரத்தில் தில்லை மரம் நிற்கிறது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டாலும் புகை பட்டாலும் பார்வைக்குக் கேடு. எங்கள் பிள்ளைகள் சிலுவை போடப் பழக முன்பே தில்லையைத் தொடாதே என்று பழகிவிடுவார்கள். வயல்காட்டுப் பிள்ளைக்கு அது தெரியாது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து வெட்டினேன். பட்டையை உரித்துக் காயவிட்டால் அதுவும் ஒரு விறகுதான். என் நுனிக்கு வீரை, புகையாத நல்ல விறகு. அவள் நுனிக்குத் தில்லை. அடுக்கு வடிவாக வந்தது.

கொஞ்ச நாளில் வேலிக்கு வந்தாள், கண் இரண்டும் சிவந்து.

"அக்கா, இந்த விறகு ஏன் இப்பிடிக் கண்ணை எரிக்குது?"

"மாரி விறகு, பிள்ளை. ஈரம். நல்லாக் குனிஞ்சு ஊது, பத்தும்."

குனிந்து ஊதினாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூப் பிழிந்து விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டபோது, வெள்ளத்துக்குள் பஸ் எங்கே வரப்போகிறது என்றேன். வந்துகொண்டுதான் இருந்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும் நான்தான் போயிருந்து கோர்த்துக் கொடுத்தேன். அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் அக்கா," என்றாள். அந்த நேரம் கோபம் பாதி குறைந்துவிட்டது, சேர். மறைக்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு அவளுடைய நுனி குறைந்துவிட்டது. களப்புக்குப் போய் இன்னும் வெட்டிவந்தேன். ஒரு அடுக்கை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

நிறோஜன் வந்தவன் படலையடியிலேயே மூக்கைச் சுளித்தான். முதலில் அவளைத்தான் ஏசினான்.

"காட்டுக்காரி, கண்ணுக்கு முன்னால நிக்கிற மரம் தெரியாதோ உனக்கு?"

"அக்காதான் அடுக்கித் தந்தவா," என்றாள் அவள். குற்றமாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள்.

அவன் தகரத்தைக் கழற்றினான். தன் நுனியிலிருந்து ஒவ்வொரு துண்டாக இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். வேலி வரைக்கும் தில்லை. வேலியைத் தாண்டியதும் வீரை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அன்ரி, உங்கட பக்கம் ஏன் ஒரு துண்டும் இல்லை?"

"என்ர குசினியில தில்லை எரிக்க எனக்கென்ன விசரோ, தம்பி?" என்றேன். அவன் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டான். நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

வவுனியா டொக்டர் ஒரு கண் போய்விட்டது என்றாராம். மற்றதில் நிழல்தான் தெரியுமாம். தெரியாமல் செய்தேன் என்று எழுதவேண்டாம். தெரிந்துதான் வெட்டினேன், தெரிந்துதான் அடுக்கினேன். நம்பினவளைக் காட்டிக்கொடுத்தால் என்ன வரும் என்று யாராவது அவளுக்குக் காட்டத்தானே வேண்டும்.

இப்போது சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள், சேர்.

பிரேமினி எடுப்பது விமலேஸ்வரி வீட்டுக்கா, அவளே உங்களுக்குச் சொன்னாளா. இத்தனை வருடமும் ஞாயிறு தவறாமல் அங்கேதானா. அம்மா சாப்பிடுகிறாவா, மாரிக்கு விறகு சேர்த்துவிட்டாவா என்று கேட்பாளாமா. தான் எடுப்பது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றாளா.

அப்படியென்றால் ஜெயரூபி வாயே திறக்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

இது முன்பே தெரிந்திருந்தால் விமலேஸ்வரிக்கு இப்படிச் செய்திருப்பேனா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். இல்லை, சேர். விமலேஸ்வரியின் குசினியில் காஸ் அடுப்பு.