ஜீபாருக்கு ஒரு சக்கரம்

— இதப் பாரு தூர்குன் உஸ்தா, ஒத்தைச் சக்கர சைக்கிள்னா ரெண்டு பெடலும் ஒரே அளவா இருக்கணும். இதுல வலது தண்டு ஒரு சாண், இடது தண்டு அதுல முக்கால்கூட இல்ல. குடிச்சிட்டு வெல்டு வச்சியா?

— கைய எடுங்க மெலிஸ் அண்ணே, பெயிண்ட் காயல. அளவெடுத்துதான் வச்சேன். ஜீபாருக்கு இடது கால் நாலு விரக்கடை குட்டை.

— எங்க சர்க்கஸ் ஜீபாருக்கா?

— 'எங்க'ன்னு இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும்.

— இதப் பாரு, கால் ஒடிஞ்சவள நான் தெருவுல விட்டுடல. டிக்கெட் கவுன்டர்ல உக்கார வச்சிருக்கேன். ஒரு மேனேஜர் இன்னும் என்ன செய்யணும்?

— கூடாரத்துக்குள்ள விடணும்.

— எதுக்கு? ஓஷ் ஊரே வந்து பாவம்னு உச்சுக்கொட்டவா?

— பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பஜார்ல ஓட்டிப் பாத்தா அண்ணே. முலாம்பழக் குவியலுக்கு நடுவுல, தலையில ரொட்டித் தட்டோட. ஒருத்தரும் உச்சுக்கொட்டல. ரொட்டிக்காரிதான் கத்துனா, தட்டக் குடுத்துட்டுப் போடின்னு.

— விழலையா?

— விழுந்தா. எந்திரிச்சா. திரும்ப ஏறுனா.

— உனக்கென்னய்யா! கம்பியிலேர்ந்து விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அவளத் தூக்கிட்டு ஓடுனவன் நான். அவ போட்ட அலறல் இன்னும் காதுல நிக்குது.

— மழையில கூடாரம் ஒழுகி கம்பி வழுக்குது, இன்னிக்கு வேணாம்னு கெஞ்சுனாளே, அது நிக்கலையா? சனம் வந்து உக்காந்தாச்சு, ஏறுன்னு வெரட்டுனது யாரு?

— அதுக்குத்தான்யா சொல்றேன்! இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது.

— முடியலைன்னா கண்ண மூடிக்கங்க. அவ கால அவகிட்ட விடுங்க.

— இதப் பாரு, கடைசியாச் சொல்றேன். இந்தச் சக்கரம் என் கூடாரத்துக்குள்ள வந்துச்சுன்னா, சர்க்கஸ் வேலை ஒண்ணுகூட உன் பட்டறைக்கு வராது. பிஷ்கெக்ல வேற ஆளா இல்ல?

— தாராளமாப் போங்க. தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாட்டிப் பொழைச்சுக்குவேன். ஆனா இது அவ கைக்குத்தான் போகும்.

— திமிரு!

— ஆமாண்ணே, திமிருதான்.

— சரி, சாயங்காலம் ஆட்டம் இருக்கு, நான் கெளம்பறேன். உன்னோட மல்லுக்கட்ட... ஏய், அதென்ன மூலையில? அத்தனை பெருசா கம்பளியப் போத்தி வச்சிருக்க?

— உங்க சர்க்கஸ் பசங்களோட சக்கரங்க. காலைல எல்லாரும் வந்து எறக்கிட்டுப் போனாங்க.

— எல்லாமேவா? அதெப்படி ஒரே நாள்ல அத்தனையும் பழுதாகும்?

— ஒண்ணுலயும் பழுதில்லண்ணே. ஜீபார் கூடாரத்துக்குள்ள இதுல ஏறுற அன்னிக்குத்தான் வந்து எடுத்துக்குவாங்களாம்.