திங்கட்கிழமைக்கு வாய்தா

காகிதத்தில் செய்த கோப்பையில் தேநீர் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குடிப்பது இதுதான் முதல் தடவை. ஒழுகவில்லை, ஆச்சரியம்தான். குடித்து முடித்ததும் இதைக் கழுவ யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. எதையும் முதலிலிருந்து சொல்வதுதான் முறை. அந்தக் கார்ட்டூனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

விண்வெளிக் கார்ட்டூன் ஒன்று வீட்டுக்கு வீடு ஓடுகிறதே, உங்கள் வீட்டிலும் ஓடும். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சிரிப்பை அடக்க வேண்டாம். அதில் ஒரு நீதிபதி வருகிறார். எங்கோ ஒரு கிரகத்துக்கு மேலே மிதக்கும் மாளிகையில் குடியிருக்கிறார். கீழே ஜனங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது. பசிக்குத் திருடியவனைப் பார்த்து, "ஏம்பா, உன் சமையல்காரன் லீவா?" என்று கேட்கிறார். அவருக்கு இரண்டு தங்கக் காதுகள், மடலுக்குப் பின்னால் ஒரு பொத்தான். கைதி வாயைத் திறந்ததும் பொத்தானை அமுக்கிவிட்டுத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் "வாய்தா" என்று சுத்தியலைத் தட்டுகிறார். அடுத்த காட்சியில் கைதி எலும்புக்கூடாக நிற்கிறான். குழந்தைகள் உருண்டு புரண்டு சிரிக்கின்றன.

முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. மாளிகை, சமையல்காரன் என்று எந்தப் பணக்காரனை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். பொத்தானைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. நான் காதுமெஷின் போடுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். நான் நீதிபதியாக இருந்த காலத்தில், வக்கீல் வளவளவென்று இழுத்தால் மெஷினை அணைத்துவிட்டுத் தலையாட்டுவேன் என்பது ஊருக்குத் தெரியாது. அது எனக்கும் என் காதுக்கும் நடுவில் இருந்த விஷயம்.

அதற்குப் பிறகு என் வாசலில் கூட்டம். நான் சிறைக்கு அனுப்பியவர்களின் வீட்டார், காதில் தங்க நிறக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "எங்க புள்ள சொன்னதை ஒரு வார்த்தையாவது கேட்டீங்களா?" என்று ஒரு பெண்மணி கேட்டைப் பிடித்து உலுக்கினாள். பழைய தீர்ப்புகளை எல்லாம் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று பேச்சுக் கிளம்பியது. ஒரு ஆயுள் முழுக்க நான் எழுதியவை அவை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் முதலில் திறந்தது எந்த வாய் என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா.

எய்தவன் இருக்க அம்பை நோவது என் பழக்கமில்லை. படம் போட்டவர்கள் வெறும் அம்பு. காட்டிக்கொடுத்தவன் உள்ளே இருக்கிறான். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் வேறு ஊரில் இருக்கிறான். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை, என்ன வேலை என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. சமையற்காரம்மா என் நிழலைக் கண்டாலே நடுங்குவாள். மிச்சம் இருந்தது டிரைவர். நீங்கள் ஏதோ பெயர் சொல்கிறீர்கள். எனக்கு அவன் டிரைவர்தான்.

வருஷக்கணக்காக என் உப்பைத் தின்றவன். மனைவியை எடுத்துப் போன அன்று நான் சாய்ந்துகொண்டது அவன் தோளில்தான். அப்படிப்பட்டவன் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. சோறு இறங்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாட்சியமும் இருந்தது. ஒருநாள் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா, பொண்ணு அனுப்புச்சு. அந்தக் காதுக்காரரு படம்."

"யாரை மாதிரி இருக்கார் அவர்?"

தரையைப் பார்த்தான். "யாரை மாதிரியும் இல்லீங்க ஐயா, சத்தியமா" என்றான்.

பொய்ச்சாட்சியை வாசல்படி ஏறும்போதே கண்டுகொள்கிறவன் நான். அது பொய். என் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய்யாக இருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். சட்டத்தில் அதற்குத் தனி வகை கிடையாது.

அந்தச் சமயத்தில் சமையற்காரம்மா மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். நான் தனியாகத் தடுமாறுவேனே என்று டிரைவர்தான் வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினான். அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் எதைத் திருகுவது, எல்லாம். எனக்கு முழங்கால் சரியில்லாததால் வீட்டில் லிஃப்ட் உண்டு. "லிஃப்டு மக்கர் பண்ணுனா இந்த ஸ்விட்சைக் கீழ தள்ளுங்க ஐயா, நின்னுரும். மறுபடி மேல தள்ளுனாத்தான் ஓடும். மறந்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னான். நான் மறக்கவில்லை.

சட்டப் புத்தகங்களை மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினான். கைபேசி காரில் கிடந்தது. வீட்டுக்குள் அது கூடாதென்பது என் விதி. லிஃப்ட் பாதி ஏறியதும் ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். படிக்கட்டின் திருப்பத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். லிஃப்ட் கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் அவன் நெற்றி தெரிந்தது.

"ஐயா, கரண்டு போயிருச்சுங்களா? அந்த ஸ்விட்சைக் கொஞ்சம் பாருங்க."

"இது விசாரணை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. என் மெஷின் விஷயத்தை யார்கிட்ட சொன்னே?"

"எந்த மெஷினுங்க? காதுல போடுவீங்களே, அதுங்களா? அதுல என்னங்க ஐயா விஷயம்?"

தெரியாதவனைப் போலவே கேட்டான். அப்புறம் நீளமாகப் பேச ஆரம்பித்தான். பெண்ணுக்குப் பரீட்சையாம், அழைத்துப் போக வேண்டுமாம், உள்ளே இருட்டாக இருக்கிறதாம். வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. பழக்க தோஷம், கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. மெஷினை அணைத்துவிட்டுத் தலையாட்டினேன். நெற்றி அசைவது நின்றதும் திங்கட்கிழமைக்கு வாய்தா போட்டேன். தள்ளிவைப்பது தண்டனை அல்ல என்பது முதலாண்டு சட்ட மாணவனுக்கும் தெரியும்.

நடுவில் அவன் மனைவி கேட்டுக்கு வந்தாள். "ஃபோனே எடுக்க மாட்டேங்குறாருங்க ஐயா. நல்லாத்தான இருக்காரு?" என்று கேட்டாள். நான் பொய் சொல்வதில்லை. "உள்ளேதான் இருக்கான், வேலை இன்னும் முடியலை" என்றேன். "உங்ககூட இருக்காருன்னா எனக்குக் கவலையில்லீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுமுறை உங்களோடு வந்தாள்.

திங்கட்கிழமை எனக்கு ஜலதோஷம். நீதிபதிக்கு உடம்பு சரியில்லை என்றால் வழக்கு தானாகத் தள்ளிப்போகும். அடுத்த திங்களுக்கு மாற்றினேன். லிஃப்ட் அருகில் போய் அதை உரக்க அறிவிக்கவும் செய்தேன். பதில் வந்ததா என்று தெரியாது. மெஷின் மேஜைமேல் இருந்தது.

தண்ணீராவது கொடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். கூண்டில் நிற்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது பியூனின் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பியூன் கிடையாது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், நல்ல குறுக்கு விசாரணை. மெஷினை அணைக்கிற விஷயத்தை டிரைவரிடம் எப்போதாவது சொன்னதுண்டா என்று. இல்லை. ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். மகன் சின்னவனாக இருந்தபோது என் மடியில் உட்கார்ந்து மெஷினைக் குடைந்துகொண்டிருந்தான்.

"இதை ஆஃப் பண்ணா என்னப்பா ஆகும்?"

"ஊரே வாயை மூடிக்கும்டா கண்ணா. கோர்ட்ல நான் அப்படித்தான் பண்ணுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே என்னை ஒரு படம் வரைந்தான். மஞ்சள் கிரேயானில் இரண்டு பெரிய காதுகள், மடலுக்குப் பின்னால் ஒரு பொத்தான். பெற்றவனுக்குப் பிள்ளையின் கை தெரியாதா? கார்ட்டூனில் அந்தக் காதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முடிவில் பெயர்கள் ஓடுமே, அதற்கு முன்னாலேயே டிவியை அணைக்கச் சொல்லிவிடுவேன். அணைப்பதும் டிரைவர்தான்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகன் வராந்தாவில் நின்று என்னிடம் வெகுநேரம் பேசினான். அழுதுகொண்டே பேசினான் என்று நினைக்கிறேன். நான் தலையாட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டு என் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வரவில்லை. பெற்ற பிள்ளை என்னை ஊர் சிரிக்க வைத்தான். அந்த வலி இன்னும் அடங்கவில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும், அம்மா. இருப்பது ஒரே மகன். அவனை எப்படி லிஃப்டில் ஏற்றுவது? ஆனால் துரோகம் என்று ஒன்று நடந்துவிட்டால் கூண்டில் யாராவது நின்றாக வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் ஒரு பாவமும் அறியாதவன். அது தெரிந்துதான் ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். தெரிந்துதான் மேலே தள்ளாமல் விட்டேன். கொன்றது நான்தான்.

சரி, நான் கிளம்புகிறேன், வெகுநேரமாகிவிட்டது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உங்களிடம் டிரைவர் யாராவது இருந்தால் வீடு வரைக்கும் அனுப்பி வையுங்கள். கொஞ்சம் விசுவாசமானவனாகப் பார்த்து.